முன்சுவர் மட்டும் ஏன் மெல்லிசு? நாற்சார் வீடொன்றின் லேசர் ஸ்கான்களைப் பொருத்தியபோது கண்டது

"தம்பி, முன்சுவர் மட்டும் ஏன் மெல்லிசாக் கிடக்கு?"

அச்சடித்து வந்த தளப்படத்தை விறாந்தையில் விரித்துப் பார்த்த தச்சு ஆசாரியார் கேட்ட முதல் கேள்வி இது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பக்கத்தில், நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய ஒரு நாற்சார் வீடு. கூரையை முழுதாகப் பிரித்து, உக்கிப்போன வளைகளையும் சலாகைகளையும் மாற்றி மறுபடி ஓடு வேயவேண்டும். அதற்காகத்தான் வீட்டை லேசர் ஸ்கானரால் அளந்து படம் வரைந்திருந்தோம். படத்தில் பின்சுவரும் இரண்டு பக்கச் சுவர்களும் 46 சென்றிமீற்றர் தடிப்பு. முன்சுவர் 42.

அவருடைய கேள்வியில் ஒரு தொழிலறிவு இருந்தது. அந்தக் காலத்து மேசன்மார் அடிக் கணக்கில் கட்டியவர்கள். ஒன்றரை அடிச் சுவர் என்றால் 45.7 சென்றிமீற்றர். பூச்சோடு சேர்த்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடிக் குறையலாம். தலைவாசல் பக்கத்துச் சுவரை மட்டும் ஒன்றரை அங்குலம் மெல்லிசாகக் கட்ட எந்த மேசனுக்கும் காரணம் இல்லை. அளவு ரேப் எடுத்து முன்கதவு நிலையின் இடைவெளியில் வைத்துப் பார்த்தால் 45.8. ஆகவே சுவரில் பிழையில்லை, படத்தில்தான் பிழை. படம் ஸ்கானர் அளந்த புள்ளிகளின் தொகுப்பான புள்ளித்திரளிலிருந்து நேரே வெட்டி எடுத்தது. அப்படியென்றால் பிழை ஸ்கான்களைப் பொருத்திய இடத்தில் இருக்கிறது. ஆனால் மென்பொருள் தந்த அறிக்கையில் அந்தப் பொருத்தத்தின் சராசரி வழு 3 மில்லிமீற்றருக்கும் குறைவு.

இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வடக்கில் பழைய கட்டடங்களை ஸ்கான் செய்யும் வேலை இப்போது பரவி வருகிறது, நல்ல விடயம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் போரில் அழிந்தபிறகு நமக்கு மிஞ்சியவை பழைய படங்களும் இடிபாடும்தான். அதுபோல வரைபடமே இல்லாமல் போன வீடுகள் எத்தனையோ. உரிமைக்காரர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிரிந்து கிடக்க, நாற்சார் வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு இடிக்கப்படுகின்றன. ஸ்கான்தான் அந்த வீட்டின் கடைசிச் சாட்சி என்று ஆகக்கூடிய நிலையில், அந்தச் சாட்சி 4 சென்றிமீற்றர் பிழையாகச் சொல்லக்கூடாது.

ஸ்கானரை முக்காலியில் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றவிட்டால், தன்னைச் சுற்றித் தெரியும் மேற்பரப்புகளில் கோடிக்கணக்கான புள்ளிகளை அளந்து தரும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆள்கூறுகள். ஆனால் அந்த ஆள்கூறுகளின் தொடக்கம் ஸ்கானர் நின்ற இடம். முன் விறாந்தையில் நின்றபோது ஒரு தொடக்கம், மண்டபத்தில் வேறொன்று, முற்றத்தில் இன்னொன்று. இவை எல்லாவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவருவதுதான் பொருத்துதல். ஒரு ஸ்கானை மற்றதோடு பொருத்த ஆறு தெரியாக் கணியங்கள் உண்டு: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. ஸ்கானருக்குள் சாய்வுமானி இருந்தால் நிலைக்குத்து எது என்று அதற்கே தெரியும். சுழற்சியில் இரண்டு கழிந்து நான்குதான் மிஞ்சும். விடை 4 நிரையும் 4 நிரலும் கொண்ட ஒரு தாயமாகக் கிடைக்கும். அதைப் பிரயோகித்தால் ஸ்கான் தன் இடத்துக்குப் போய்ச் சேரும்.

பொருத்துதல் வழமையாக இரண்டு படியில் நடக்கும். முதலில் கரடுமுரடாக ஒரு பொருத்தம். இரண்டு ஸ்கானிலும் தெரியும் சதுரங்கக் குறிகளையோ வெள்ளைக் கோளங்களையோ சோடி சேர்ப்பது, அல்லது தூண் மூலை, நிலை மூலை என்று கையால் புள்ளிகளைத் தெரிவது. ஒரே கோட்டில் விழாத மூன்று சோடி இருந்தாலே விடை எடுக்கலாம். ஹோர்ன் என்ற ஆய்வாளர் 1987 இல் இதற்கு நேரடித் தீர்வு ஒன்றைக் கொடுத்துவிட்டார், திரும்பத் திரும்பக் கணிக்கத் தேவையில்லை. குறியை விடக் கோளம் எனக்குப் பிடிக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மையம் ஒன்றுதான். சுவரில் ஒட்டிய சதுரங்கக் குறியைச் சரிவாகப் பார்த்தால் அதன் மையம் மங்கிவிடும்.

இரண்டாவது படி நுண்பொருத்தம். இதில் அதிகம் பயன்படுவது ஐசிபி (ICP). பெஸ்லும் மக்கேயும் 1992 இல் வெளியிட்ட முறை. செய்வது எளிது. ஒரு ஸ்கானின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற ஸ்கானில் ஆகக் கிட்டிய புள்ளியைத் தேடு. அந்தச் சோடிகளின் தூரம் குறையும்படி ஸ்கானை நகர்த்து. நகர்த்தியபின் சோடிகள் மாறியிருக்கும், மறுபடி தேடு. வழு இனிக் குறையவில்லை என்றானதும் நிறுத்து. ஒவ்வொரு சுற்றிலும் வழு குறையுமே தவிரக் கூடாது என்று அவர்கள் நிறுவிக் காட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நிறுவலே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: போய்ச் சேரும் இடம் அக்கம்பக்கத்தில் உள்ள இழிவுதான். மழைத்தண்ணீர் ஓடிப்போய்க் கிட்டிய பள்ளத்தில் தேங்குவதுபோல, ஐசிபியும் தொடங்கிய இடத்துக்குக் கிட்டிய பள்ளத்தில் நின்றுவிடும். அதைவிட ஆழமான பள்ளம் 4 சென்றிமீற்றர் தள்ளி இருந்தாலும் அதற்குத் தெரியாது.

இனி முன்சுவருக்கு வருவோம்.

இந்த வீட்டின் முன்கதவு இரட்டைக் கதவு. ஸ்கான் எடுத்த நேரம் ஒரு பாதி திறந்தும் மற்றப் பாதி மூடியும் இருந்தது. இரண்டு பக்கத்து யன்னல் பலகைகளும் சாத்தியிருந்தன. வெயிலுக்கும் ஒழுங்கைப் புழுதிக்கும் யன்னலைச் சாத்தி வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம், யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். மண்டபத்தில் நின்ற ஸ்கானர் மூடிய பலகைகளின் உட்புறத்தை அளந்தது. விறாந்தையில் நின்ற ஸ்கானர் அதே பலகைகளின் வெளிப்புறத்தை அளந்தது. பலகையின் தடிப்பு ஒன்றரை அங்குலம், 38 மில்லிமீற்றர்.

ஐசிபிக்குக் கதவு என்றால் என்ன என்று தெரியாது. ஒரு ஸ்கானில் ஒரு தட்டையான மரப்பரப்பு, மற்றதில் அதே உயரத்தில் அதே அகலத்தில் இன்னொரு தட்டையான மரப்பரப்பு, நடுவே 38 மில்லிமீற்றர். கிட்டிய புள்ளி தேடும் முறைக்கு இதைவிட நல்ல சோடி கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. கதவின் தடிப்பு பூச்சியமானது. கதவோடு சேர்ந்து விறாந்தை முழுவதும் 38 மில்லிமீற்றர் உள்ளே வந்தது. 457 இல் 38 போனால் 419. படத்தில் இருந்த 42 சென்றிமீற்றரின் கணக்கு அதுதான்.

அப்படியென்றால் மற்றப் பரப்புகள் ஏன் எதிர்த்து நிற்கவில்லை? இரண்டு ஸ்கானுக்கும் பொதுவாகத் தெரிந்தவை எவை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். தரை: கிடையான தளம், உயரத்தைப் பிடித்து வைக்கும், கிடையாக நகர்வதைத் தடுக்காது. நிலையின் பக்க முகங்கள்: இடம் வலமாக நகர்வதைப் பிடிக்கும், முன்பின்னாக நகர்வதைப் பிடிக்காது. மேலே தெரிந்த கைமரங்களின் பக்க முகங்கள்: முகட்டிலிருந்து முன்னோக்கி இறங்குபவை, அவையும் முன்பின்னாக நகர்வதைப் பிடிக்காது. ஒரு தட்டையான பரப்பு ஆறு கணியங்களில் மூன்றைத்தான் கட்டும். தனக்குச் செங்குத்தான நகர்வையும் இரண்டு சுழற்சிகளையும் பிடிக்கும், மற்ற மூன்றையும் விட்டுவிடும். இந்தச் சோடியில் சுவருக்குக் குறுக்கான திசையைக் கட்ட, திறந்த கதவுப் பாதி வழியாகத் தெரிந்த எதிர்ச்சுவரின் ஒரு கீலம் மட்டும் இருந்தது. அதில் சில ஆயிரம் புள்ளிகள். மூடிய பலகைகளில் இலட்சக்கணக்கு.

அந்தக் கீலத்துக்கும் ஒரு கதி நேர்ந்தது. ஸ்கான்கள் முழுதாக ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை என்பதால், பொருந்தாத சோடிகளைக் கழித்துவிட்டு நல்ல சோடிகளை மட்டும் வைத்துக் கணிக்கும்படி மென்பொருளைச் சொல்லுவோம். தேவையான ஏற்பாடுதான், அது இல்லாமல் எந்தப் பொருத்தமும் தேறாது. ஆனால் இங்கே பலகைகள் ஒட்டிக்கொண்டபிறகு, உண்மையைச் சொன்ன அந்தச் சுவர்க் கீலத்தின் சோடிகள் 38 மில்லிமீற்றர் விலகி நின்றன. மென்பொருள் அவற்றைப் பொருந்தாதவை என்று கழித்துவிட்டது. மிஞ்சியது தரை, நிலை, கைமரம், பலகை. எல்லாம் அழகாக ஒட்டியிருந்தன. அவற்றின் சராசரி 3 மில்லிமீற்றருக்குள். அறிக்கையில் வந்தது அந்த எண்.

அறிக்கையில் வரும் சராசரி வழு என்பது தான் வைத்துக்கொண்ட சோடிகள் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று சொல்லும் எண். சோடிகள் சரியானவையா என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. அதையே துல்லியத்துக்குச் சான்றாக வாடிக்கையாளரிடம் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருப்பது எனக்குப் பெரிய கவலை. ஒரு கட்டடத்தின் படத்தோடு அந்த எண் மட்டும் வந்தால், அதைச் சரிபார்ப்பு என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சரிசெய்த விதம் இது. ஏற்கனவே எடுத்த ஸ்கான்களிலிருந்து கதவு, யன்னல் பலகைகள் எல்லாவற்றையும் வெட்டி ஒதுக்கினோம். பொருத்தத்துக்கு மட்டும்தான் ஒதுக்கியது, இறுதித் திரளில் அவை இருக்கும். பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிக் கதவின் இரண்டு பாதியையும் நன்றாகத் திறந்து, ஸ்கானரை வாசற்படியின் மேலேயே நிறுத்தி ஒரு ஸ்கான் எடுத்தோம். வாசற்படியில் நிற்கும் ஸ்கானருக்கு அந்தச் சுவரின் உள்முகமும் தெரியாது, வெளிமுகமும் தெரியாது. ஆனால் மண்டபத்தின் எதிர்ச்சுவர் முழுதாகத் தெரியும், விறாந்தைத் தூண்களின் உட்பக்கம் முழுதாகத் தெரியும். இரண்டும் சுவருக்குச் சமாந்தரமானவை, அந்தத் திசையைத்தான் கட்டவேண்டியிருந்தது. மண்டப ஸ்கானை எதிர்ச்சுவராலும் விறாந்தை ஸ்கானைத் தூண்களாலும் இந்த நடு ஸ்கானோடு பிணைத்தபோது முன்சுவர் 45.9 ஆனது. ரேப் சொன்னதோடு 1 மில்லிமீற்றர் வித்தியாசம்.

வெட்டி ஒதுக்க நேரமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் பரப்பின் செவ்வனை, அதாவது பரப்புக்குச் செங்குத்தான திசையைக் கணித்து, அது ஸ்கானர் நின்ற பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தால், பலகையின் உட்புறப் புள்ளிகளின் செவ்வன் உள்ளே பார்க்கும், வெளிப்புறப் புள்ளிகளின் செவ்வன் வெளியே பார்க்கும். இரண்டுக்கும் இடையே 180 பாகை. செவ்வன்கள் 60 பாகைக்கு மேல் விலகும் சோடிகளைச் சேர்க்காதே என்று ஒரு நிபந்தனை போட்டால் கதவின் இரண்டு பக்கமும் ஒருபோதும் ஒட்டாது. கிளவுட்கொம்பெயர் என்ற புள்ளித்திரள் மென்பொருளின் புதிய பதிப்புகளில் ஐசிபி செய்யும்போது செவ்வனைக் கணக்கில் எடுக்கும் தெரிவு இருக்கிறது. ஓப்பன்3டி என்ற நிரல் நூலகத்தில் எழுதுபவர்கள் சில வரிகளில் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம். மெல்லிய சுவர், தகர வேலி, பலகைத் தட்டி, மதில் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால் நான் இப்போது எந்த வேலையிலும் இந்த நிபந்தனை இல்லாமல் ஐசிபியை ஓடவிடுவதில்லை.

இதெல்லாம் ஆசாரியார் கேட்டதால் தெரியவந்தது. அவர் கேட்காவிட்டாலும் பிடித்திருக்கக்கூடிய ஒரு வழி வேலைக்குள்ளேயே இருந்தது, அது சுற்றை மூடுவது. விறாந்தையிலிருந்து மண்டபம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, பக்கவாட்டு வளவு என்று ஒவ்வொரு ஸ்கானாகப் பிணைத்துப் போய், வெளியால் சுற்றி மறுபடி விறாந்தைக்கு வந்து சேர்ந்தால், போன இடமும் வந்த இடமும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். பொருந்தாமல் விடும் இடைவெளிதான் மூடல் வழு. நில அளவையாளர் தொடர்க்கோட்டு அளவையில் காலங்காலமாகச் செய்துவரும் சோதனை இது. இந்த வீட்டில் மேற்குப் பக்கம் மாட்டுக்கொட்டிலும் விறகுக் குவியலும் வழியை அடைத்திருந்ததால் வெளிச்சுற்று முதலில் பாதியில் நின்றுபோயிருந்தது. விறகை ஒதுக்கி அந்த இடத்தையும் எடுத்தபின் சுற்று மூடியது. பழைய முன்கதவுப் பிணைப்போடு கணித்தால் மூடல் வழு 4 சென்றிமீற்றரை அண்மித்து, சரியாக வீட்டின் முன்பின் திசையில் நின்றது. வாசற்படிப் பிணைப்போடு கணித்தால் சில மில்லிமீற்றர்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். பல மென்பொருள்கள் சுற்று மூடியதும் எல்லாப் பிணைப்புகளையும் ஒருசேரச் செம்மை செய்யும், மூடல் வழுவை எல்லா ஸ்கான்களுக்கும் பகிர்ந்துவிடும். சிறுசிறு தற்செயல் வழுக்களுக்கு அது சரியான வைத்தியம். ஆனால் ஒரே ஒரு பிணைப்பு 38 மில்லிமீற்றர் பிழையாக இருக்கும்போது அந்தச் செம்மையை ஓடவிட்டால், எட்டுப் பத்து இடங்களில் சில மில்லிமீற்றர் சில மில்லிமீற்றராகக் கரைந்துவிடும். பிறகு எந்தச் சுவரும் சரியாயிராது, எந்தச் சுவரும் கண்ணுக்குப் பிழையாகவும் தெரியாது. ஆசாரியாரால்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகவே பகிர்வதற்கு முன்னர் மூடல் வழு எவ்வளவு, எந்தத் திசையில் என்று எடுத்து எழுதி வைக்கவேண்டும்.

அடுத்த சிக்கல் முற்றம். நாற்சார் வீட்டின் முற்றம் கிட்டத்தட்டச் சதுரம், நாலு பக்கமும் ஒரே மாதிரித் தாழ்வாரம், ஒரே அளவுத் தூண்கள், ஒரே இடைவெளி. கட்டியவர் தேடிச் செய்த அழகு அது. தானியங்கிப் பொருத்தத்துக்கோ அதுவே பொறி. தானியங்கி முறைகள் புள்ளிகளின் அக்கம்பக்கத்து வடிவத்தை எண்களாக்கி, ஒத்த எண்களைச் சோடி சேர்க்கின்றன. ரூசுவும் கூட்டாளிகளும் 2009 இல் கொடுத்த எஃப்பிஎஃப்எச் அப்படியான ஒன்று. கிழக்குத் தூணும் மேற்குத் தூணும் ஒன்றுபோலவே இருந்தால் எண்களும் ஒன்றுபோலவே வரும். முற்றத்து ஸ்கான் ஒன்று 180 பாகை திரும்பி மற்றதன்மேல் போய் அமர்ந்திருந்தது. வழு எண் அதிலும் சின்னதுதான். மழைத்தண்ணீர் போகும் வாய்க்கால் எதிர் மூலைகளில் இரண்டாகத் தெரிந்ததால் உடனே பிடிபட்டது. கோளங்களை நாலு மூலையிலும் வெவ்வேறு உயரத்தில், சமச்சீர் இல்லாமல் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. யாழ்ப்பாணக் கோட்டையில் வேலை செய்ய நினைப்பவர்கள் இதை இன்னும் கவனமாக யோசிக்கவேண்டும். ஒல்லாந்தர் ஐந்து கொத்தளங்களோடு ஐங்கோணமாகக் கட்டியது, ஒரு கொத்தளத்தை 72 பாகை திருப்பினால் அடுத்ததில் போய்ப் பொருந்தப் பார்க்கும். கந்தரோடையின் சிறு தூபிகளோ வேறு வகை. வட்டமான குவிமாடத்தை அதன் அச்சில் எவ்வளவு திருப்பினாலும் ஐசிபிக்கு ஒன்றுதான், சுழற்சியை அக்கம்பக்கத்துத் தூபிகளிலிருந்தோ குறிகளிலிருந்தோதான் எடுக்கவேண்டும்.

ஐசிபிக்கு முன்னால் புள்ளிகளின் செறிவைச் சமப்படுத்தியே ஆகவேண்டும். 10 மீற்றர் தூரத்தில் 6 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், 2 மீற்றரில் 1.2 மில்லிமீற்றருக்கு ஒன்று விழும். பரப்புக் கணக்கில் 25 மடங்கு நெருக்கம். முக்காலியைச் சுற்றியுள்ள தரைக்குத்தான் முழுக் குரலும் போய்விடும், தூரச் சுவர் சொல்வது கேட்காது. 1 சென்றிமீற்றருக்கு ஒரு புள்ளி என்று சீராகக் குறைத்துப் பொருத்தி, கிடைத்த தாயத்தை முழுத் திரளுக்கும் கொடுப்பது போதும். மடிக்கணினியும் மூச்சுவிடும்.

மரங்களும் ஒரு தொல்லை. வாழை, மா, வேலியோரப் பனை எல்லாம் காற்றில் அசைபவை. கொடியில் காயும் சேலையும் அப்படியே. சிவப்புச் சீமெந்துத் தரை நன்றாக மினுக்கப்பட்டிருந்தால் சரிவாக விழும் கற்றை தெறித்துப் போய்ச் சுவரில் பட்டு வரும், தரைக்குக் கீழே இன்னொரு அறை இருப்பதுபோல் புள்ளிகள் தோன்றும். நிலைக்கண்ணாடியும் அதையே செய்யும். இவற்றையெல்லாம் பொருத்த முன்னரே வெட்டிவிடவேண்டும்.

கிழக்கு மூலை பற்றிச் சொல்லவேண்டும். வெட்டுமுகத்தில் அந்த மூலைச் சுவர் மேலே போகப்போக வெளியே சரிந்திருந்தது, 3 மீற்றர் உயரத்தில் கிட்டத்தட்ட 5 சென்றிமீற்றர். முன்சுவர் விடயம் நடந்த பிறகு எல்லாவற்றிலும் சந்தேகம். அதுவும் பொருத்தப் பிழைதானோ என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா பின்னால் வந்து நின்றார்.

"அது அப்பாவின்ரை காலத்திலையே சரிஞ்சது, தம்பி. அந்த மூலையிலை பெரிய புளி நிண்டது. வேர் போய்த் தூக்கிப்போட்டுது எண்டு தறிச்சவை."

"அதுக்குப் பிறகு கூடச் சரிஞ்சதா அம்மா?"

"தெரியாது ராசா. ஆர் அளந்து பாத்தது?"

தூக்குக்குண்டும் திரளும் ஒன்றையே காட்டின. சரிவு உண்மை. படம் வரையும் மென்பொருள்கள் சிலவற்றில் சுவர்களைச் செங்குத்தாகவும் மூலைகளை 90 பாகையாகவும் தாமாகவே நேராக்கும் வசதி உண்டு. பழைய வீடுகளுக்கு அதை நிறுத்தி வைக்கவேண்டும். இந்த வீட்டின் எந்த மூலையும் சரியான 90 இல்லை. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கயிறு பிடித்துக் கட்டிய சுவர்கள், பல தலைமுறைகளாக இறங்கியும் சரிந்தும் தமக்கென ஒரு நிலைக்கு வந்திருக்கின்றன. சுவரின் சரிவையும் பொருத்தத்தின் பிழையையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் சாரம் என்று நினைக்கிறேன்.

பிரித்தறிய நான் நம்பும் கருவி ஒரு மெல்லிய கிடைவெட்டு. ஒவ்வொரு ஸ்கானுக்கும் ஒரு நிறம் கொடுத்து, தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் 2 சென்றிமீற்றர் தடிப்புக்கு வெட்டி, மேலிருந்து பார்ப்பது. சரியாகப் பொருந்திய சுவரில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கோடாகத் தெரியும். பிழையென்றால் இரண்டு நிறத்தில் இரண்டு கோடு. இதோடு தடிப்புச் சோதனையும் வேண்டும். ஏனென்றால் உள்முகமும் வெளிமுகமும் எப்போதும் வெவ்வேறு நிறத்தில் வெவ்வேறு கோடுகளாகவே இருக்கும், இடைவெளி சரியா என்று வெட்டு தானாகச் சொல்லாது. ரேப் பிடித்து ஒவ்வொரு வாசலிலும் யன்னலிலும் சுவர்த் தடிப்பை எழுதி வந்து திரளின் அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இந்த வீட்டில் முன்வாசலைத் தவிர வேறு எங்கும் 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. ஆசாரியாருக்கு இது வெறும் தாள் கணக்கு இல்லை. வளையின் முனை சுவருக்குள் எவ்வளவு தூரம் ஏறி உட்காரும் என்பதை வைத்துத்தான் அவர் மரத்தின் நீளத்தைச் சொல்லி அனுப்புகிறார். வைரம் பாய்ந்த பனைமரம் இப்போது கிடைப்பதே அரிது. 4 சென்றிமீற்றர் கட்டையாக அறுத்து வந்தால் அந்த மரம் வீண்.

கடைசியாக வந்தது ஆள்கூற்றுச் சிக்கல். காணியின் எல்லைப் படத்தோடு சேர்ப்பதற்காக முழுத் திரளையும் எஸ்எல்டி99 என்ற இலங்கைத் தேசிய வலைக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த வலை பீதுருதாலகாலைப் பக்கத்தை மையமாக வைத்து, மையத்துக்குக் கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று எண் இட்டது. யாழ்ப்பாணம் மையத்துக்கு மேற்கேயும் வெகுதூரம் வடக்கேயும் இருப்பதால் இங்கே கிழக்கெண் 4 இலட்சத்துச் சொச்சமும் வடக்கெண் 8 இலட்சத்தை அண்மியும் வரும். மாற்றிச் சேமித்த கோப்பைத் திறந்தால் சுவர்கள் படிப்படியாக வெட்டப்பட்டு, புள்ளிகள் எல்லாம் சட்டகத்தில் அடுக்கியதுபோல் நின்றன.

காரணம் எண்களைச் சேமிக்கும் விதம். பல மென்பொருள்கள் ஆள்கூறுகளை 32 பிட்டில் வைக்கின்றன. அதில் இலக்கத்துக்குக் கிடைப்பது 24 பிட். எண் 262,144 க்கும் 524,288 க்கும் இடையில் இருந்தால் இரண்டு அடுத்தடுத்த எண்களின் இடைவெளி ஒரு மீற்றரில் 32 இல் ஒன்று, அதாவது 3.1 சென்றிமீற்றர். 524,288 ஐத் தாண்டினால் 16 இல் ஒன்று, 6.25 சென்றிமீற்றர். ஆகவே யாழ்ப்பாணத்துத் திரள் ஒன்றை இப்படிச் சேமித்தால் கிழக்கு மேற்காக 3 சென்றிமீற்றர்ப் படியும் வடக்குத் தெற்காக 6 சென்றிமீற்றர்ப் படியும் விழும். தென்னிலங்கையில் வடக்கெண் சிறியது, அங்கே இந்தப் படி இவ்வளவு பெரிதாக வராது. அதனால் கொழும்பில் எழுதப்பட்ட வேலைமுறையை அப்படியே இங்கே பின்பற்றுபவர்கள் இதில் மாட்டக்கூடும். கிளவுட்கொம்பெயர் பெரிய ஆள்கூறுள்ள கோப்பைத் திறக்கும்போது ஒரு பெரிய எண்ணைக் கழிக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிக் கழித்த எண்ணைக் கட்டாயம் குறித்துவைக்கவேண்டும். நாங்கள் வீட்டின் எல்லாப் பொருத்த வேலைகளையும் முற்றத்து மூலையொன்றைத் தொடக்கமாக வைத்த உள்ளூர் ஆள்கூற்றில் முடித்து, தேசிய வலைக்கான தாயத்தைத் தனிக் கோப்பாகக் கொடுத்தோம். எல்லைப் படம் தேவைப்படும்போது மட்டும் அதைப் பிரயோகித்தால் போதும்.

வீட்டுக்காரரிடம் கொடுத்த தொகுப்பில் இப்போது இருப்பவை: ஒவ்வொரு ஸ்கானும் தன் சொந்த ஆள்கூற்றில், எவரும் திறக்கக்கூடிய ஈ57 வடிவத்தில், ஒவ்வொன்றுக்கும் உரிய தாயம், எந்த ஸ்கான் எதோடு எந்தப் பரப்புகளால் பிணைக்கப்பட்டது என்ற பட்டியல், செம்மைக்கு முந்திய மூடல் வழு, வாசல் யன்னல்களின் ரேப் அளவுகள். பொருத்தி முடித்த திரளை மட்டும் கொடுத்தால், நாளைக்கு ஒருவர் பிழை கண்டாலும் பிரித்துத் திருத்த வழியில்லை.

கிழக்கு மூலைக்காக இன்னும் ஒன்று செய்தோம். அசையாத இடங்களாகக் கிணற்றுக்கட்டிலும் முற்றத்துக் கல்லிலும் அடுக்களைப் பக்கத்துச் சுவரிலும் நிரந்தரக் குறிகள் பதித்திருக்கிறோம். கூரை இறக்கியதும் சுவரின் பாரம் மாறும், மாரி மழையில் மண்ணும் ஊறும். தை பிறந்ததும் அந்த மூலையை மறுபடி ஸ்கான் செய்து, சரியும் சுவரை விட்டுவிட்டு இந்தக் குறிகளால் மட்டும் பழைய ஸ்கானோடு பொருத்தி, லாகும் கூட்டாளிகளும் 2013 இல் வெளியிட்ட எம்3சி2 முறையால் சுவரின் செவ்வன் திசையில் நகர்வை எடுப்பதாகத் திட்டம். சுவரையே சுவரோடு ஐசிபியால் பொருத்தினால் தேடும் நகர்வை அதுவே விழுங்கிவிடும். அம்மா கேட்ட "ஆர் அளந்து பாத்தது" என்பதற்கு அதன் பிறகு ஓர் எண் இருக்கும்.